ஏணி இல்லாத லீக்

சந்திரகுமாரின் முன்பல்லை உடைத்தது குகநேசனுடைய கைமுட்டிதான். ஆனாலும் பழியில் பாதி அமெரிக்காவைத்தான் சேரும்.

இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மார்ச் மாதம், லோறென்ஸ்கூக்கில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒஸ்லோ தமிழர் உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் பொதுக்கூட்டம். வெளியே பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. உள்ளே உளுந்து வடையும் தேத்தண்ணியும் ஓடிக்கொண்டிருந்தன. சம்மேளனத்தில் மேற்பிரிவு என்றும் கீழ்ப்பிரிவு என்றும் இரண்டு. மேலே கடைசியாக வருகிற அணி அடுத்த வருடம் கீழே இறங்க வேண்டும். கீழே முதலாவதாக வருகிற அணி மேலே ஏறும். நோர்வேயில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் இது.

முந்தின கோடையில் கீழே முதலாவதாக வந்தது அம்மருட் அணி. அதன் தலைவன் குகநேசன், பஸ் சாரதி, தடுப்பாட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து போகலாம், இல்லாவிட்டால் ஆள் போகலாம், இரண்டும் சேர்ந்து போனதாக ஒருவரும் சொன்னதில்லை. அதே கோடையில் மேலே கடைசியாக வந்தது லோறென்ஸ்கூக் அணி. அதன் தலைவர் சந்திரகுமார். சம்மேளனத்தின் செயலாளரும் அவரேதான். இவ்வளவும் சொன்னால் மிச்சக் கதையில் பாதி உங்களுக்கே விளங்கியிருக்கும்.

சந்திரகுமார் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்கினார்.

"என்ரை மச்சான் நியூ ஜேர்சியிலை இருக்கிறார். போன மாதம் அங்கை போய் எல்லாத்தையும் கண்ணாலை பாத்திட்டு வந்தனான். அமெரிக்காவிலை மேல் லீக்கிலை இருக்கிறவன் இறங்கமாட்டான். கீழ் லீக்கிலை இருக்கிறவன் ஏறமாட்டான். ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை, அடிபிடியும் இல்லை. கீழ் அணியள் மேல் அணியளுக்கு ஆக்களை வளத்துக் குடுக்கும். தேவைப்படேக்கை மேலை கூப்பிடலாம். உலகத்திலையே பெரிய நாடு அப்பிடிச் செய்யுது. நாங்கள் ஏன் செய்யக்கூடாது?"

அமெரிக்காவிலிருந்து மனிதர்கள் சொக்கிலேற்றும் சப்பாத்தும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்திருந்தார், அதுவும் தன் அணி இறங்க வேண்டிய வருடத்தில்! மேற்பிரிவுத் தலைவர்கள் எட்டுப் பேருக்கும்தான் வாக்கு. எட்டுக் கையும் உயர்ந்தன. ஒவ்வொரு மேல் அணிக்கும் ஒரு கீழ் அணி இணைக்கப்பட்டது. அம்மருட் போய் லோறென்ஸ்கூக்கின் கீழ் விழுந்தது.

குகநேசன் எழும்பி முன்னுக்குப் போனான். கதைக்கத்தான் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

"நாங்கள் வெண்டனாங்கள், சந்திரண்ணை. வெண்டவன் ஏற வேணும்."

"உங்கடை அணி நல்ல நாற்றுமேடை, குகன்," என்றார் சந்திரகுமார், அவனுடைய தோளில் கை வைத்து. "நாற்றுமேடையா இருக்கிறதிலை என்ன குறைச்சல்? எல்லாருக்கும் வயலாக ஏலுமோ?"

தோளில் வைத்த அந்தக் கைதான் கெடுத்தது. தன் கை எப்போது மேலே போனது என்று குகநேசனுக்குத் தெரியாது. செயலாளர் வடைத்தட்டோடு சாய்ந்தார். ஒலிவாங்கி கீழே விழுந்து கீச்சிட்டது. நாலு பேர் குகநேசனின் கழுத்தைப் பிடிக்க, அம்மருட்காரர் அந்த நாலு பேரின் கழுத்தைப் பிடிக்க, கதிரைகள் காற்றில் பறந்தன. சந்திரகுமார் எழும்பி உள்ளங்கையில் துப்பினார். பல்லில் பாதி அதில் இருந்தது.

அந்த இரைச்சலுக்குள் ஒருவன் மேசையில் ஏறி நின்று கத்தினான். அம்மருட் அணியின் கோல் காப்பாளன் கீர்த்தனன். இங்கேயே பிறந்தவன், பல்கலைக்கழக மாணவன், எதையும் இணையத்தில் தேடிப் பார்க்காமல் நம்பாதவன்.

"அமெரிக்கா வேணுமெண்டால் முழுசா எடுங்கோ! அங்கை ஒரு கிண்ணம் இருக்கு. மேலை உள்ளவனும் கீழை உள்ளவனும் ஒண்டா ஆடுறது. கீழை உள்ளவன் மேலை உள்ளவனை அடிச்சு வீட்டை அனுப்பியிருக்கிறான்! அதோடை, கீழ் அணி சம்மதிக்காமல் அங்கை ஒருத்தரும் ஆளைத் தூக்க ஏலாது!"

பின்பாதியை ஒருவரும் கேட்கவில்லை. அப்போதுதான் இன்னொரு கதிரை பறந்தது. கிண்ணம் என்ற சொல் மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது.

"கிண்ணத்தை வையுங்கோ," என்றான் குகநேசன், பிடித்திருந்த கைகளுக்குள் திமிறிக்கொண்டு. "அதிலை உங்களை அடிச்சால் எங்களை மேலை எடுக்க வேணும். எல்லாருக்கும் முன்னாலை சொல்லுங்கோ."

அத்தனை பேர் முன்னால் பல்லைப் பறிகொடுத்த மனிதர் வேறு என்ன சொல்வார்? வாயில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு, "அடிச்சுக் காட்டும், எடுக்கிறன்," என்றார்.

மேற்பிரிவுக்கு ஏறினால் என்ன, வானத்திலா பறக்கப் போகிறான் என்று நீங்கள் கேட்கலாம். குகநேசன் ஒஸ்லோவுக்கு வந்த காலம் தொட்டுக் கீழ்ப்பிரிவில்தான் உதைபட்டான். அவனோடு வந்தவர்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கிப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கலியாண வீடுகளில் சந்தித்தால், "நீங்கள் இன்னும் அம்மருட்டிலையோ?" என்று கேட்பார்கள். அந்த "இன்னும்" அவனை ஊசி மாதிரிக் குத்தும். வீடு வாங்க அவனுக்கு வழியில்லை. ஆனால் உதைபந்தில் யாரும் யாருக்கும் கதவடைக்க முடியாது, வென்றவன் ஏறியே தீருவான் என்று நம்பியிருந்தான். அந்தக் கதவையும் இப்போது பூட்டிவிட்டார்கள். இந்தக் கிண்ணம் போனால் அவனுடைய முழங்கால்கள் இன்னொரு வருடம் தாங்காது என்பதும் அவனுக்குத் தெரியும்.

கிண்ண ஆட்டங்களில் கோடை முழுக்க அம்மருட் வென்றது. அதற்குக் காரணம் கவிசன். குகநேசனின் மனைவி சத்தியபாமாவின் தம்பி, அவர்கள் வீட்டிலேயே இருப்பவன். இருபத்திரண்டு வயது. பந்தைக் காலில் எடுத்தால் எதிராளிகள் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். குகநேசனுக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். விமான நிலையத்தில் அவனை அழைத்து வந்த அன்றே நேரே கடைக்குக் கூட்டிப்போய்ப் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவன். குளிருக்கு யக்கெற் அடுத்த நாள்தான் வாங்கினான். அதற்காக மனைவியிடம் ஏச்சும் வாங்கினான்.

இறுதியாட்டம் அம்மருட்டுக்கும் லோறென்ஸ்கூக்குக்கும் என்று வந்தது. ஆட்டம் ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை குகநேசன் வேலை முடிந்து வந்தபோது கவிசன் சோபாவில் பந்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சந்திரண்ணை எடுத்தவர், அத்தான். சனிக்கிழமை நான் அவையளுக்கு ஆட வேணுமாம். மேலை கூப்பிடுற சட்டமாம்."

குகநேசன் சாரதிச் சட்டையின் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஒரு பொத்தான் தெறித்துச் சோபாவுக்கு அடியில் போனது.

"ஏலாதெண்டு சொன்னனியோ?"

"சொன்னால் ஒரு வருசம் தடை." கவிசன் தலையைக் குனிந்தான். பிறகு நிமிர்ந்தான். "அதோடை அத்தான், அண்டைக்கு ஒரு நோர்வே கிளப்பின்ரை பயிற்சியாளர் வாறார். இரண்டாம் டிவிஷன். என்னைப் பாக்கத்தான் வாறார். அவர் வாறதெண்டால் நான் ஆடத்தான் வேணும். அது எந்தச் சட்டையெண்டாலும்."

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. குகநேசனுக்கு அதுவும் தெரியும். அதனால்தான் கோபம் இரண்டு மடங்கு வந்தது.

"ஆடு. ஆனால் என்ரை பக்கம் வராதை."

"கோல் உங்கடை பக்கம்தானே அத்தான் இருக்கு. வேறை எங்கை போறது?"

"வந்தால் காலை எடுப்பன்."

குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த சத்தியபாமா கத்தியை வைத்துவிட்டு வந்தாள். அவள் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். சத்தம் போட்டுக் கதைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"இஞ்சாருங்கோ. என்ரை தம்பியின்ரை காலிலை உங்கடை கால் பட்டால், இந்த வீட்டுக்கு நீங்கள் வரத் தேவையில்லை."

சொல்லிவிட்டுப் போய் மறுபடியும் வெட்டினாள். அன்று இரண்டு ஆண்களும் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை வெயில் நல்லாயிருந்தது. குறூருட்பள்ளத்தாக்கின் புல்மைதானத்தைச் சுற்றிச் சனம். ஒரு பக்கம் வீடு வாங்கினவர்கள் மடிக்கிற கதிரைகளோடு, மறுபக்கம் அடுக்குமாடிப் புளொக்குகளில் இருப்பவர்கள் குளிர்பெட்டிகளோடு. எந்தப் பக்கமும் சாயாதவராக இருக்கட்டும் என்று ஒரு நோர்வே மத்தியஸ்தரைப் பிடித்திருந்தார்கள். இளம் வயது, பால்வடியும் முகம். பாவம், எங்கே வந்து மாட்டினோம் என்று அவருக்கு ஆட்டம் தொடங்கிய சூட்டோடு விளங்கிவிட்டது.

முதல் அடி லோறென்ஸ்கூக்கின் யேசுரட்ணத்திடமிருந்து வந்தது. குளிர்பெட்டியும் மனிதனும் ஒரே அகலம். உயர்ந்து வந்த பந்துக்குக் கீர்த்தனன் பாய, யேசுரட்ணம் முழங்கையால் அவனுடைய வாயில் இறக்கினான். பந்து கையில், இரத்தம் சட்டையில். மத்தியஸ்தர் மஞ்சள் அட்டையைத் தேடி எடுக்க முன்னரே குகநேசன் யேசுரட்ணத்தின் காலில் ஏறி நின்று விலாவில் முழங்காலைக் கொடுத்தான். கோட்டுக்கு வெளியே யேசுரட்ணத்தின் மனைவி மக்டலீன் துள்ளினாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். "அவன்ரை குடலை உருவுங்கோ!" என்று அவள் கத்தியது நகரத்துக்கே கேட்டிருக்கும்.

அதன்பிறகு அது உதைபந்தாட்டமாக இருக்கவில்லை. ஆளை ஆள் மிதித்தார்கள், கிள்ளினார்கள், காதுக்குள் தாயையும் சகோதரியையும் இழுத்தார்கள். ஒருவனுக்குப் புருவம் பிளந்தது. ஒருவன் தோள்மூட்டு இறங்கி ஓலமிட்டபடி வெளியே போனான். குகநேசனின் வாயில் உப்புக் கரித்தது. அது வியர்வையா இரத்தமா என்று அவன் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருந்தான் என்பதுதான் உண்மை. இத்தனை வருட "இன்னும்"களுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கசாப்புக்கடைக்கு நடுவில் ஒருவன் மட்டும் உதைபந்து ஆடினான். கவிசன் லோறென்ஸ்கூக்கின் நீலச் சட்டையில் ஓடினான். யாரையும் தொடவில்லை, யாராலும் அவனைத் தொட முடியவில்லை. இடைவேளைக்கு முன் தன்னுடைய அம்மருட்டுக்கு எதிராகவே ஒரு கோல் அடித்தான். அடித்துவிட்டுக் கொண்டாடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்ற நோர்வே பயிற்சியாளர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்லித் தலையாட்டினார்.

இடைவேளைக்குப் பிறகு அம்மருட் ஒன்று போட்டது, யேசுரட்ணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த நேரம். பிறகு இன்னொன்று, கோர்ணரிலிருந்து குகநேசனின் மண்டையில் பட்டு. மண்டையோடு சேர்த்து எதிரணிக் காப்பாளனின் மூக்கும் உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று! புளொக்குக்காரர் குளிர்பெட்டிகளில் தாளம் போட்டார்கள். சந்திரகுமார் புதுப்பல் தெரியக் கத்திக்கொண்டு கோட்டோரம் ஓடினார்.

முடிகிற நேரம். நடுவில் பந்து பறிபோய்க் கவிசனின் காலில் விழுந்தது. அவன் ஒருவனைத் தாண்டினான், அடுத்தவனையும் தாண்டினான். முன்னால் திறந்த புல். அதற்கப்பால் வாயில் துவாய்த் துண்டைக் கடித்தபடி நிற்கும் கீர்த்தனன். இரண்டுக்கும் இடையில் குகநேசன் மட்டும்.

கவிசன் வருகிறதைக் குகநேசன் பார்த்தான். எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியும். புளொக் முற்றத்தில் ஆயிரம் தரம் பார்த்த திருப்பம். வலது தோள் இறங்கும், பந்து இடது பக்கம் போகும். திரும்பினால் கோல். சமநிலையானால் நீட்டிப்பு ஆட்டம், அதற்கு அவனிடம் கால் இல்லை. சத்தியபாமா சொன்னதும் நினைவுக்கு வந்தது. எல்லாம் நினைவுக்கு வந்தன. நினைவில்லாமல் செய்தான் என்று பிறகு சிலர் அவனுக்காகக் கதைத்தார்கள். பொய்.

வலது தோள் இறங்கியது. குகநேசன் பந்தைப் பார்க்கவே இல்லை. இரண்டு காலையும் சேர்த்து, தரையோடு தரையாக, கவிசனின் ஊன்றிய காலுக்குள் போனான்.

முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். மைதானத்தின் அந்தக் கோடியில் நின்றவர்களுக்கும் கேட்டது.

கவிசன் அலறவில்லை. எழும்பி உட்கார்ந்து தன் காலைப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே அது வேறு திசையில் கிடந்தது. அதைப் பார்த்த பிறகுதான் அலறினான். மத்தியஸ்தர் சிவப்பு அட்டையை நீட்ட, இரண்டு பக்கத்துச் சனமும் உள்ளே பாய்ந்தது. மடிக்கிற கதிரைகள், குடைகள், மூலைக்கொடிக் கம்பு என்று கைக்கு வந்ததெல்லாம் ஆயுதம். குகநேசனின் முதுகில் எத்தனை அடி விழுந்தது என்று அவன் எண்ணவில்லை. கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை.

அம்புலன்ஸ் போன பிறகு, நம்பமாட்டீர்கள், ஆட்டத்தை முடித்தார்கள்! மிச்சம் இருந்தது ஒரு தண்ட உதை. யேசுரட்ணம் அடித்தான், கீர்த்தனன் பாய்ந்து பிடித்தான், விசில் ஊதியது. அம்மருட்காரர் இரத்த வாயோடு கீர்த்தனனைத் தோளில் தூக்கிக் குதித்தார்கள். நோர்வே பயிற்சியாளர் காரில் ஏறிப் போய்விட்டார்.

வைத்தியசாலை நடைபாதையில் சத்தியபாமா குகநேசனுக்காகக் காத்திருக்கவில்லை. அவன் வந்தபோது அங்கே நின்றாள், அவ்வளவுதான். அறைந்தாள். மற்றக் கன்னத்திலும் அறைந்தாள். பிறகு முட்டிகளால் அவனுடைய நெஞ்சில் குத்தினாள். தாதி வந்து பிடிக்கும்வரை குத்தினாள்.

கவிசனின் காலுக்குள் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். நடக்கலாம், ஆனால் ஓடுகிறதை மறந்துவிடச் சொன்னார்கள். குகநேசன் கட்டிலடியில் நின்றான்.

"கோல் அடிச்சிருப்பன், அத்தான்," என்றான் கவிசன்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் அடிச்சனீங்களோ?"

"ஓம்."

கவிசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் ஏசியிருந்தால் குகநேசன் தாங்கியிருப்பான். வெளியே வந்து படிக்கட்டில் இருந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். நத்தார்ப் பண்டிகைவரை கீர்த்தனனின் அறைத்தரையில் படுத்தான். பிறகு கவிசனே சொல்லித்தான் சத்தியபாமா கதவைத் திறந்தாள். திறந்தாளே தவிர கதைக்கவில்லை.

அழுத அந்தப் படிக்கட்டில் குகநேசன் தனக்குள் ஒரு சத்தியம் செய்திருந்தான். மேலே ஏறினதும் முதல் வேலை இந்த ஆள் தூக்குகிற சட்டத்தை ஒழிப்பது. இனி எந்த வீட்டிலும் ஒருவனுக்கு இந்தக் கதி வரக்கூடாது. அதைச் செய்தால், கவிசனுக்கு முன்னால் எப்போதாவது ஒருநாள் தலைநிமிரலாம் என்று நினைத்தான்.

அடுத்த மார்ச், அதே மண்டபம், அதே வடை. சந்திரகுமார் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பதாவது மேற்பிரிவு அணியாக அம்மருட்டை அறிவித்து, குகநேசனை எல்லோர் முன்னாலும் கட்டிப்பிடித்தார். "இனி நீரும் எங்கடை ஆள், குகன்." முன்வரிசையில் கதிரை போட்டார்கள். யாரோ தேத்தண்ணி கொண்டுவந்து கையில் தந்தார்கள். அந்தத் தேத்தண்ணி இனித்தது, அதை மறைத்து என்ன?

ஆள் தூக்குகிற சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று சில அணிகளே கேட்டிருந்தன. காலொடிந்த கதை எல்லோரையும் உலுக்கியிருந்தது. வாக்கெடுத்தார்கள். எடுக்க வேண்டும் என்று நாலு கை, இருக்கட்டும் என்று நாலு கை. மண்டபம் முழுக்கக் குகநேசனைத் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் கீர்த்தனன் உடைந்த பல்லோடு சிரித்தான், முடிந்தது வேலை என்கிற மாதிரி.

சந்திரகுமார் குகநேசனின் காதோரம் குனிந்தார். "உம்மடை ஒரு வாக்குதான், குகன். எடுக்கிறதெண்டால் எடுக்கலாம். ஹவுகன்ஸ்டுவா அணியை உங்களுக்குக் கீழைதான் போட்டிருக்கு. அங்கை கஜரூபன் எண்டொருத்தன், இடது கால்காரன், கவிசனைப் போலவே ஆடுறான். முதல் ஆட்டத்துக்கு உங்களிட்டை முன்னுக்கு ஆர் இருக்கினம்?"

ஒருவரும் இல்லை. இருந்த ஒருவனை அவனே முறித்திருந்தான்.

குகநேசன் தேத்தண்ணியைக் கீழே வைத்தான். சட்டம் இருக்கட்டும் என்கிற பக்கம் கையை உயர்த்தினான். கீர்த்தனன் எழும்பி மண்டபத்தை விட்டு வெளியே போனான். கதவை அவன் அடித்துச் சாத்தின சத்தம் உள்ளே நெடுநேரம் நின்றது.

ஏப்ரல் மாதம் ஒரு பின்னேரம் குகநேசன் ஹவுகன்ஸ்டுவாவுக்குக் காரில் போனான். புளொக்குகளுக்கு நடுவில் சரளை மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கஜரூபனை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பந்து யாருடைய காலில் சிரிக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

அவர்களுடைய தலைவன் இரத்தினவேல் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்தான். தடுப்பாட்டக்காரன். அகன்ற நெற்றி, தைத்த புருவம், ஒட்டுப்போட்ட முழங்கால்.

"தம்பி, கஜரூபனைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான்," என்றான் குகநேசன். "சட்டம் தெரியும்தானே. அமெரிக்காவிலையும் இப்பிடித்தான்."

"அவன் போனால் எங்களிட்டை என்ன மிச்சம், அண்ணை?"

குகநேசன் அவனுடைய தோளில் கை வைத்தான். வைத்த பிறகுதான், அது யாருடைய வழக்கம் என்று நினைவு வந்தது. கையை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. இரத்தினவேலின் முட்டி நேரே வாயில் இறங்கியது. குகநேசன் சரளையில் மல்லாந்து விழுந்தான். எழும்பி உள்ளங்கையில் துப்பிப் பார்த்தான்.

அவன் திருப்பி அடிக்கவில்லை. சட்டைக் கையால் வாயைத் துடைத்தான்.

"கிண்ணம் ஓகஸ்ட்டிலை," என்றான். "அதிலை எங்களை அடிச்சுப்போட்டு மேலை வாங்கோ." பிறகு கஜரூபனைப் பார்த்து, "பூட்ஸை எடுத்துக்கொண்டு வா," என்றான்.

கஜரூபன் தன் அணியையும் காரையும் மாறி மாறிப் பார்த்தான். மேலே ஆடுகிற ஆசை அவன் கண்ணில் பளிச்சென்று தெரிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடினான்.

இரத்தினவேல் கத்தவில்லை, துரத்தவும் இல்லை. வலித்த முட்டியைத் தடவியபடி நின்றான். அவன் குகநேசனைப் பார்க்கவில்லை. ஓடிப்போகிற கஜரூபனின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை குகநேசனுக்குத் தெரிந்த பார்வை, போன ஓகஸ்ட்டில் அவனே பார்த்தது. அவன் காரில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு, திறப்பைத் திருகினான்.